மூன்றாவது வேளை

உறிஞ்சல். விழுங்கல். மூச்சு.

அவள் குனிந்து, மடியில் பால் குடிக்கும் பிள்ளையின் முகத்தருகே காதை வைத்திருந்தாள். ரோஸ்லின் சிஸ்டர் அவன் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்த பயல். விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் மாற்றி மாற்றிச் செய்ய இன்னும் பிடிபடவில்லை. புரையேறினால் இருமக்கூடத் தெரியாதாம். மூன்று வேளை பிசகில்லாமல் குடித்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இரண்டு வேளை தாண்டியாயிற்று. இது மூன்றாவது.

நாற்பத்தொரு நாள். அதே நாற்காலி, அதே பச்சைத் திரை. ஜெயிலில்கூட மனு போட்டுப் பார்க்கலாம். இங்கே சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், தாயை வெளியே விடமாட்டார்கள். மூத்தவள் கனிஷ்காவுக்கு நாலு வயசு. அம்மாவைக் கூட்டிப்போக, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள்.

உறிஞ்சல். விழுங்கல். மூச்சு.

பக்கத்துத் தொட்டிலில் மெஷின் கத்தியது. சிஸ்டர் ஓடினார்.

களக்.

ஈரமான சத்தம். அப்புறம் மூச்சைக் காணோம்.

ஐயோ சாமி! பிள்ளையை மார்பிலிருந்து பிரித்து, நிமிர்த்தி, முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். மூச்சு வந்துவிட்டது.

சிஸ்டர் திரும்பி வந்தபோது பயல் ஒன்றும் நடக்காதது போலக் குடித்துக்கொண்டிருந்தான்.

“நல்லாக் குடிச்சானாம்மா?”

கையில் பேனா தயாராக இருந்தது.

பாழாய்ப்போன காது! கேட்காமல் இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு ‘ஆமாம்’. அரை மணி நேரத்தில் கீழே போய்விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

வீட்டில் புரையேறும்போது தெரியும்.

“இல்ல சிஸ்டர். நடுவுல களக்னு கேட்டுச்சு. மூச்சு நின்னு வந்துச்சு.”

சிஸ்டர் பேனாவை மூடினார். மறுபடியும் ஒரு வாரம் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். அதற்கப்புறம்தான் வாயில் கொடுத்துப் பார்ப்பார்கள்.

கீழே நின்ற புருஷனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “சரி விடு, பிள்ளை நல்லாயிருந்தாப் போதும்,” என்றவர், போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

“கண்ணு... அம்மா இன்னும் ஒரு வாரம் கழிச்சு வரேன்டா.”

சத்தம் போட்டு அழுதாலாவது சமாதானம் சொல்லலாம்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் கனிஷ்கா எதையோ விழுங்கினாள்.

மறுபடியும் விழுங்கினாள்.

“சரிம்மா,” என்றாள்.