உட்கார்ந்த போட்டோ

"உங்க அக்காவை நீங்க கேட்கறீங்களா, நான் கேட்கட்டுமா?"

புருஷன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரை இருக்கிறவரை பதில் சொல்ல வேண்டியதில்லை என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தான்.

விஷயம் இதுதான். அவன் அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், ஆன்லைனில் மலிவாக டிரஸ் வாங்குவாள். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? தனிக்கட்டை, சொந்தச் சம்பளம். ஆனால் வாங்குகிற ஒவ்வொன்றையும் போட்டு, போட்டோ எடுத்து, வாங்கினவர்கள் கருத்துச் சொல்கிற இடத்தில் ஏற்றிவிடுவாள். அதுவும் நின்றுகொண்டு இல்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, சட்டமாக உட்கார்ந்து, முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

ஐம்பது வயசு. நல்ல பூசின உடம்பு. உட்கார்ந்தால் வயிறு மடிப்பு மடிப்பாக நிற்கும். அதை ஊர் உலகமே பார்க்கிறது.

நேற்று இவள் சித்தி பெண் போன் பண்ணி, "என்னடி, உங்க வீட்டுல மாடலிங் நடக்குதாமே" என்று சிரித்ததில் இவளுக்கு மானம் போய்விட்டது.

புருஷன் ஒருவழியாக வாய் கொப்பளித்தான். "பாவம், அக்காவுக்கு அது ஒரு சந்தோஷம்."

"அவங்க சந்தோஷத்துக்கு நான் தலை குனியணுமா?"

சமையலறையில் நாத்தனார் தம்பிக்கும் இவளுக்கும் டிபன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இவள் நேராகப் போய் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த ஆசை? தொப்பையைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. எல்லாரும் சிரிக்கறாங்க."

"இல்லம்மா, அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. நான் வெளியே தலை காட்டணுமா, வேண்டாமா?"

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"சரிம்மா. இன்னிக்கு எனக்கு லீவுதான். எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று இவள் நினைக்கவில்லை. ஜெயித்த மாதிரியும் இருந்தது, எதையோ மிதித்துவிட்ட மாதிரியும் இருந்தது. பஸ் வந்ததும் இரண்டாவதை மறந்துவிட்டாள்.

இவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பின்வாசல் வழியாக நுழைந்து முன்னறைக்கு வந்தாள். உயரமான கவுன்ட்டருக்குப் பின்னால் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பல் வலியோடு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை, இன்றைக்குத்தான் முதல் நாள். வாடாமல்லி கலர் டிரஸ், அளவெடுத்துத் தைத்த மாதிரி அவளுக்கு அமைந்திருந்தது.

"டிரஸ் அம்சமா இருக்கே. எந்தக் கடைம்மா?"

"கடையெல்லாம் இல்ல சிஸ்டர், ஆன்லைன்தான். விலையைச் சொன்னா சிரிப்பீங்க."

"நானும்தான் வாங்கறேன். எனக்கு ஒண்ணும் இப்படி அமையறதில்லை."

"எனக்கு ஒரு குரு இருக்காங்க." புதுப் பெண் தன் போனை நீட்டினாள். "நாற்காலி அக்கான்னு பேர் வச்சிருக்கேன். இவங்க போட்டுக் காட்டாத டிரஸ்ஸை நான் வாங்கவே மாட்டேன்."

திரையில் அதே வாடாமல்லி டிரஸ். அதற்குள் நாத்தனார். பின்னால் இவள் வீட்டு ஜன்னல்.

இவள் தெரியாத மாதிரியே கேட்டாள். "இந்தம்மாவைப் பார்த்தா வாங்கறே? மாடலுங்க எவ்வளவு அழகா நிக்கறாங்க, அதை விட்டுட்டு..."

"அவங்க நிக்கறாங்களே சிஸ்டர். அதான் எனக்கு வேலைக்காகலை."

சிரித்துக்கொண்டே புதுப் பெண் கவுன்ட்டரை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது சக்கர நாற்காலி.

"நீளம் கூடினா சக்கரத்துல சிக்கும். குறைஞ்சா முழங்காலுக்கு மேல ஏறிடும். கடைக்குப் போனா, டிரயல் ரூமுக்குள்ள நான் நுழைஞ்சப்புறம் கதவு மூடாது. வாங்கறதும் திருப்பி அனுப்பறதுமா அலுத்துப்போச்சு. ஒருநாள் இந்த அக்கா போட்டோவுக்குக் கீழே எழுதிக் கேட்டேன், உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு. அப்பல்லாம் அவங்களும் நின்னுதான் எடுப்பாங்க. மறுநாளே உட்கார்ந்து எடுத்துப் போட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு டிரஸ் விட்டதில்லை. யார் பெத்த மகராசியோ."

இவள் அந்தப் போட்டோவை இன்னொரு தரம் பார்த்தாள்.

"இந்த இன்டர்வியூவுக்கு வரவே எனக்கு பயம். உட்கார்ந்தே இருக்கறதால வயிறு தெரியுது, எப்படிப் போறதுன்னு எழுதினேன். எனக்கும்தான் தெரியுது பாருன்னு, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துப் போட்டாங்க. அதைப் பார்த்துச் சிரிச்சுட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்."

சொல்லிக்கொண்டே திரையைத் தள்ளினவளுக்கு முகம் மாறியது.

"என்ன இது, பச்சை டிரஸ்ஸைக் காணோம். கோடு போட்டதையும் காணோம். காலையில இருந்துதே."

இவள் தன் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினாள்.

"அண்ணி, நிறுத்துங்க."

"பாதி முடிஞ்சுதும்மா. சாயங்காலத்துக்குள்ள மிச்சத்தையும்..."

"மிச்சத்தைத் தொடாதீங்க. போனதையெல்லாம் மறுபடி எடுப்போம், நானே எடுத்துத் தரேன். ஏன் அண்ணி, ஒரு பொண்ணு கேட்டதாலதான் உட்கார்ந்து எடுக்கறீங்கன்னு காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ எங்கம்மா சொல்ல விட்டே?"

இவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"வேண்டாம்மா, விடு," என்றாள் நாத்தனார். "யார் அதுன்னு நாலு பேர் கேட்டா, உனக்குத்தானே சங்கடம்."

"கேட்கட்டும் அண்ணி. எங்க அண்ணின்னு சொல்லிக்கறேன். முதல் ஆளா இங்கேயே ஒருத்தி இருக்கா. இருங்க, போனை அவகிட்டே கொடுக்கறேன்."