எட்டு மணி இண்டர்வியூ

"சார், ஸ்கிரீன் கறுப்பா இருக்கு. உங்க முகமே தெரியலை," என்று இருதயமேரி போனைப் பார்த்து இங்கிலீஷில் கெஞ்சினாள்.

"பரவாயில்லை. எனக்கு உன்னை நன்றாகத் தெரிகிறது," என்றது குரல்.

அடடா, என்ன கிளியர்! அமெரிக்காவிலிருந்து பேசுகிற மாதிரியே இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

மலேசியாவில் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் பாதி பேராக் மாநிலத்துக்கு ஊசி போட்டு ஓய்வு பெற்ற நர்ஸ் மேரி. ஐம்பத்தாறு வயதில் டிகிரி படிக்க ஆசை, அதுவும் உலகமே வாயைப் பிளக்கும் அமெரிக்க யூனிவர்சிட்டியில்! போன வருஷம் மூன்று இடங்களில் கதவைச் சாத்திவிட்டார்கள். மிச்சம் இது ஒன்றுதான். இந்த இண்டர்வியூவில் கோட்டைவிட்டால் ஆசைக்கே சமாதி.

புந்தோங்கில் தம்பி கென்னத் வீட்டிலிருந்தே பேசியிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டில் காலையிலேயே டைல்ஸ் வெட்டுகிற சத்தத்துக்குப் பிணமே எழுந்து உட்காரும். அதனால்தான் சுங்கை சிப்புட் பக்கம், அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தில், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையின் பாழடைந்த பங்களாவுக்குக் கென்னத் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான்.

"எட்டு மணின்னு மெயில்ல இருக்குல்ல, காலையிலதான்க்கா! அமெரிக்காக்காரன் ராத்திரியிலயா இண்டர்வியூ வைப்பான்?" என்றவன், படியைக்கூட மிதிக்காமல் கேட்டுக்கு வெளியே போய் நின்றான். "அமெரிக்கா போனா உன்ன லெக்சரர்னு நெனச்சுப் பசங்க எழுந்து நிக்கப் போறானுங்க லா!"

உள்ளே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கறையான் தின்று ஏப்பம் விட்டிருந்தது. ஆணியில் ஒரு வட்டத் தொப்பி மட்டும் தூசியே இல்லாமல் தொங்கியது.

"எந்த லயத்தில் பிறந்தாய்?" என்றது குரல்.

"மூணாவது லயம், கடைசி வீடு சார்."

"காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டு மணி இன்னும் அடிக்கிறதா?"

"ரப்பரே போயிடுச்சு சார். எல்லாம் செம்பனை, பாமாயில்தான்."

குரல் பெருமூச்சு விட்டது. மேரியின் பிடரியில் சில்லென்று காற்று பட்டது.

கடைசியில், "நீ கட்டாயம் போவாய்," என்றது குரல். மேரிக்குத் தலைகால் புரியவில்லை. உபசாரத்துக்குக் கேட்க வேண்டுமா? "ஒரு நாள் அவசியம் எங்க வீட்டுக்கு வரணும் சார்!" என்றாள்.

"வருகிறேன்."

"பெரட்டு வரைக்கும் கேட்டானா? எல்லாம் கூகிள்ல பாத்திருப்பான்லா!" என்று சிரித்த கென்னத், வீடு திரும்பும் வழியில் மேட்டில் மோட்டாரை முறுக்கு முறுக்கென்று முறுக்கினான். "என்னக்கா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது! சந்தோஷத்துல வெயிட் ஏறிட்டியா?"

அன்று மாலை, "கொண்டாடணும்லா, சுடச்சுட சாத்தேக் கறி வாங்கிட்டு வாரேன்," என்று கென்னத் கிளம்பிப் போனான். வீட்டில் மேரி மட்டும்தான்.

இரவு சரியாக எட்டு மணிக்குப் போன் அடித்தது. திரையில் காபிக் கோப்பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்.

"குட் மார்னிங்! இங்கே காலை எட்டு மணி. இண்டர்வியூவை ஆரம்பிக்கலாமா?" என்றாள் இங்கிலீஷில்.

"அது... காலையிலேயே முடிஞ்சிடுச்சே! ஒரு சார் கேட்டாரே!"

"எந்த சார்? உங்களை இண்டர்வியூ செய்ய வேண்டியது நான் மட்டும்தான்."

"அப்போ காலையில பேசினது யாரு?" என்றாள் மேரி. அந்தப் பெண் சமாதானமாகச் சிரித்தாள்.

"பதறாதீர்கள் மேடம். உங்களுக்குப் பின்னால் வட்டத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாரே, முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்."