ஒன்றுக்கு இரண்டு

"முழங்கால் தேஞ்ச ஒரு கிழவனைக் குடுத்தா, ரெண்டு இளம் பெடியள் தாறாங்களாம். கொலோன்காரருக்கு என்ன, விசரோ?"

ராசன் கைபேசியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார். வுப்பர்டால் என்ற ஜெர்மன் நகரத்துத் தமிழ்க் கூடைப்பந்துக் கழகத்தின் செயலாளர் அவர். பந்தைத் தொட்டு இருபது வருடமாகிறது. ஆனாலும் ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரியாதென்று யாராவது சொன்னால் விடவும் மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்து, பள்ளிக்கூட ஹாலின் உடை மாற்றும் அறையில் ஏழு பேர் கூடியிருந்தார்கள். பேச்சு சில்வெஸ்டரைப் பற்றி. வயது நாற்பத்திரண்டு, பன்னிரண்டு வருடமாகக் கழகத்தின் நட்சத்திரம். அவரை மட்டும் வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். மரியாதையாம்.

"அடுத்த ஞாயிறு எங்கட ஹாலில கடைசி மேட்ச். தோத்தா லீக்கில இருந்து வெளியில. பிறகு கழகத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்," என்றார் ராசன். "சில்வெஸ்டரை வச்சுக்கொண்டு வெல்ல ஏலாது. போன கிழமை பாத்தனீங்கள்தானே? பந்து போகுது, ஆக்கள் போகினம், எல்லாம் முடிஞ்சு இவர் போறார். இந்த நாட்டு ரயில் கூட அவ்வளவு லேட்டில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். புள்ளி எழுதுகிற கொறற்றி மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த லேட்டான மனுசன்தான் போன கிழமை பதினெட்டுப் புள்ளி போட்டது, ராசன் அண்ணை. நீங்கள் போட்டது வெறும் சத்தம்."

"கொறற்றி, பாசம் வேற, விளையாட்டு வேற. அமெரிக்காவில எவ்வளவு பெரிய ஆக்களையே இப்பிடி மாத்துறாங்கள்!"

"அங்கை கோடிக்கணக்கில சம்பளம் குடுத்திட்டு மாத்துறாங்கள். நீங்கள் அந்தாளுக்குத் தின்ன ஒரு ரோல்ஸாவது வாங்கிக் குடுத்தனீங்களோ? முதல் ஆளா வந்து, கடைசி ஆளாப் போறார். நிலமும் அவர்தான் துடைக்கிறார்."

"வயசு போனா வீட்டில நித்திரை வராது, வருவார்தான். நிலம் துடைக்க ஸ்டார் எதுக்கு? ஒரு தும்புத்தடியே காணும்."

மறுபடியும் சிரிப்பு. ராசன் பக்கத்து நகரமான கொலோனின் கழகத்து முருகேசனுக்கு அழைப்பெடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"முருகேசன், சஞ்சயனும் ஜெனிஸ்டனும் வேணும். அதோட ஆறு புதுப் பந்து."

"ஐயோ அண்ணை, கழுத்தை அறுக்கிறியள்!" மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "சரி, என்ன செய்யிறது? கையெழுத்தை வாங்கி அனுப்புங்கோ."

ராசன் போனை வைத்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

"ஹால் இல்லாமல் போன வருசம் ரெண்டு மேட்ச் விளையாடாமலே தோத்த கூட்டம். அவைக்கு எங்கை மூளை? எங்களுக்கு ஹால் சும்மா வந்ததே? நகரசபைக்கு நான் எழுதின அன்ட்ராக், நாலு பக்கம், முழுக்க டொச்சில!"

ஜெர்மன் மொழியில் எழுதிய அந்த நாலு பக்க விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்காத காது அந்த அறையில் இல்லை. சுவருக்குக் கூட மனப்பாடம்.

வாக்கெடுப்பு நடந்தது. ஆறு கைகள் உயர்ந்தன. கொறற்றி கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சில்வெஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கழகம் அவரை ஒரு நாளும் மறக்காது என்று ராசன் ஐந்து நிமிடம் பேசினார். பேசி முடித்த கையோடு மாற்றுப் படிவத்தையும் பேனையையும் நீட்டினார்.

"ஒருத்தரும் என்னை நிக்கச் சொல்லேல்லையோ?" என்று கேட்டார் சில்வெஸ்டர்.

"நான் சொன்னனான்," என்றார் கொறற்றி.

மற்றவர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். சில்வெஸ்டர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ராசன் அதைப் படமெடுத்து அனுப்பினார். ஒரு நிமிடத்துக்குள் முருகேசனும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்.

"அடுத்த ஞாயிறு மேட்ச் பாக்கவாவது வாங்கோ, சில்வெஸ்டர். நாங்கள் பத்து மணிக்கே ஹாலில நிப்பம்," என்றார் ராசன்.

"என்னெண்டு உள்ளுக்கை போவியள்?"

சில்வெஸ்டர் பொக்கெற்றிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பூட்டித் திறந்து பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் அவர்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கூடைப்பந்துக்கு அதில் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை.

"நாலு பக்கம் எழுதின நீங்கள், வந்த பதிலின்ர கடைசி வரியையும் வாசிச்சிருக்கலாம், ராசன் அண்ணை. ஹவுஸ்மைஸ்டர் சம்பளமில்லாமல் வந்து நிண்டால் மட்டும்தான் ஞாயிறு ஹால் எண்டு போட்டிருக்கு."

ராசன் கைபேசியில் அந்தப் பதிலைத் தேடத் தொடங்கினார்.

"கொலோனில ஒரு பள்ளிக்கூடத்தில இதே வேலை கிடைச்சிருக்கு. முருகேசன்தான் தேடிச் சொன்னவர். இண்டைக்கு நீங்கள் நில்லுங்கோ எண்டு சொல்லியிருந்தா, வேண்டாமெண்டு எழுதியிருப்பன். நாளையில இருந்து மிச்ச லீவை எடுத்து அங்கை வீடு பாக்கப் போறன்."

"அப்ப... உங்களுக்குப் பதிலா நிக்கிறவர்?"

"அவர் டொச்காரர். ஞாயிறு சும்மா வந்து திறப்பீரோ எண்டு ஒருக்காக் கேட்டனான். இன்னும் சிரிச்சுக்கொண்டிருக்கிறார்."

ராசன் கைபேசியைக் கீழே வைத்தார்.

"சில்வெஸ்டர்... அந்தக் கொலோன் பள்ளிக்கூடத்தில ஹால் இருக்கோ?"

"ரெண்டு," என்றார் சில்வெஸ்டர்.

கொறற்றி புள்ளிப் புத்தகத்தைத் திறந்து, கொலோனுக்கு இரண்டு புள்ளி போட்டார்.