சிரிப்புக்கு முன்னால்

கல்யாண வீடியோ எடுக்கும் குணாளன், புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க மனைவி வசுமதியை மொட்டைமாடிக்கு இழுத்து வந்தான். துணிக்கொடி ஓரமாக நிறுத்தி, பதினாறு வருஷமாக எல்லா மாப்பிள்ளை பெண்ணிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னான்.

“எங்க, கொஞ்சம் சிரி.”

உடனே சிரித்தாள். ஸ்லோமோஷன் எப்படி வந்திருக்கிறது என்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். ஒரு நொடி ஐந்து நொடியாக நீண்டது. காற்று தூக்கிய ஈரத்துண்டு கீழே இறங்க மனமில்லாமல் மிதந்தது. வசுமதியின் சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு முகம் வந்து போனது. அதில் கோபமில்லை, அழுகையில்லை. பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆள் பேச்சுக் கொடுத்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. உதடு அப்புறம்தான் மெல்ல விரிந்தது.

பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினான். மறுபடியும் அந்த முகம் வந்தது.

“நல்லா வந்திருக்கா?” என்று வசுமதி எட்டிப் பார்த்தாள். முழுசாகப் பார்த்தாள். கேமராவை வாங்கிக்கொண்டு, “எதை அமுக்கணும்?” என்று கேட்டாள். காட்டினான்.

“இப்ப நீங்க போய் நில்லுங்க.”

போய் நின்றான். ஈரத்துண்டு தோளில் உரசியது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “எங்க, கொஞ்சம் சிரிங்க.”

கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பதற்கு முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று குணாளனுக்குத் தெரியவில்லை.