நெஞ்சு ஆபரேஷன்

தழும்பின் ஓரத்தில் மறுபடியும் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஸ்கேன் அறை வாசலில், பெண்கள் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கணவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"குட்டி போட்ட பூனை மாதிரி அலையாதீங்க. உக்காருங்க."

"நாளைக்கு வரலாமா?"

"தள்ளிப் போட்டா கட்டி கரைஞ்சிடுமா?"

பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள். "நமக்கு ஒண்ணுன்னா ஆம்பளைங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதும்மா."

நர்ஸ் எட்டிப் பார்த்துப் பூப்போட்ட கவுன் ஒன்றை நீட்டினாள். "அக்கா, இதை மாத்திக்கிட்டு வாங்க. சார், நீங்க கீழ இருங்க. இங்க லேடீஸ் மட்டும்தான்."

தப்பித்தோம் என்று அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். 'நெஞ்சுல ஆபரேஷன்' என்றதை உறவுக்காரர்கள் இன்றுவரை இதயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு படி இறங்கியவர் நின்றார். திரும்பி வந்து அந்தக் கவுனை வாங்கிக்கொண்டார்.

"கட்டி அவளுக்கில்ல சிஸ்டர், எனக்கு."

வரிசையே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"பூப் போடாதது இருக்கா?" என்றார்.