சிக்கரி இல்லாத பொட்டலம்

அரவை மெஷின் தண்டம், தராசு தண்டம் என்று வீட்டுக்கு வாங்கிய எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிய என் கணவர் தணிகாசலம், காபி மெஷினை மட்டும் வைத்துக்கொண்டார். வீட்டில் அடுத்த மாதம் யார் எவ்வளவு குடிப்பார்கள் என்று கணித்து, அதுவே கடையிலிருந்து ஆளுக்கொரு பொட்டலமாகப் பொடி வரவழைத்துவிடும். போன வருஷம் மாமியாருக்கு மட்டும் பொடி வராதபோது கடையைத்தான் திட்டினோம். அந்த வாரமே மாமியார் தவறிவிட்டார்.

இன்று காலை ஒரே பொட்டலம் வந்தது. சிக்கரி சேர்க்காத என் பொடி. சிக்கரி இல்லாமல் அவருக்குக் காபியே இறங்காது.

"என்னோடது எங்கடி?" என்றார்.

"ஸ்டாக் இல்லையாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"ஒரு வருஷத்துக்கு வர்ற மாதிரி சிக்கரி கலந்த பொடி கொடுங்க."

"அதுக்குள்ள மணம் போயிடும்மா" என்றார் கடைக்காரர்.

"மணம் போனாப் போகட்டும். நீங்க கட்டுங்க."