எத்தனை மடங்கு

வேதியியல் ஆசிரியை சாருமதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒருவன் கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று என்று விகிதத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே நிறுத்தியிருந்தான். கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடுக்கும் இதே விகிதம்தான், குளுக்கோஸுக்கும் இதே விகிதம்தான். எத்தனை மடங்கு என்று பார்க்காவிட்டால் எதுவென்று எப்படித் தெரியும்? இருபத்தாறு வருடமாகக் கத்துகிறாள். எரிச்சலோடு இரண்டு மதிப்பெண்ணை வெட்டினாள்.

அப்போது, நாலு வருடம் முன்பு கல்யாணமாகிப் புனேக்குப் போன மகள் மிருதுளா போனில் கூப்பிட்டு இட்லி மாவுக்கு அளவு கேட்டாள்.

"நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து."

"அது தெரியும்மா. எத்தனை டம்ளர் போடட்டும்?"

"எத்தனை பேருக்குன்னு சொல்லாம டம்ளர் எப்படிடி சொல்றது?" வகுப்பில் அதட்டும் குரலிலேயே கேட்டுவிட்டாள்.



"ஒரு ஆளுக்கு."

"மாப்பிள்ளை ஊர்ல இல்லையா?"

"ரெண்டு மாசமா இங்க இல்லம்மா."

சாருமதி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் உளுந்து போடு. அவ்வளவு கொஞ்சம் கிரைண்டர்ல அரைபடாது. மிக்ஸியில அரைச்சுக்கோ. ஐஸ் தண்ணி ஊத்து, இல்லேன்னா மாவு சூடாயிடும்."

"உனக்கெப்படிம்மா தெரியும்? நம்ம வீட்ல கிரைண்டர்தானே?"

சமையலறை மூலையில், மூன்று வருடமாக, காலமான கணவரின் வேட்டி ஒன்று அந்தக் கிரைண்டரை மூடியபடி கிடந்தது.